ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சிப்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் ஏதாவது தூங்கிக் கொண்டிருக்கிறதா? காம்பேக் எல்டிஇ 5280 என்ற மாடலாக இருந்தால் அவசரப்பட்டு தூக்கிப் போட்டு விடாதீர்கள். 1990-களின் நடுவில் விற்பனைக்கு வந்த பென்டியம் லேப்டாப் அது. இன்று பழைய பேப்பர் கடைக்காரர் கூட அதை எடை போட்டுத்தான் வாங்குவார். ஆனால் 2016-ல் வெளியான ஒரு செய்தி, கார் ரசிகர்களையும் கம்ப்யூட்டர் ஆசாமிகளையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார வைத்தது. உலகின் விலை உயர்ந்த கார்களில் ஒன்றான மெக்லாரன் எப்-1 காரை சர்வீஸ் செய்ய, அந்த நிறுவனம் அப்போதும் இந்த லேப்டாப்பைத்தான் நம்பியிருந்தது.

காரணம் எளிது. காரிலுள்ள கம்ப்யூட்டருடன் பேசுவதற்கான புரோகிராம் டாஸ் அடிப்படையில் எழுதப்பட்டது. அது வேலை செய்ய லேப்டாப்பில் ஒரு தனிப்பட்ட கார்டு பொருத்தியிருக்க வேண்டும். அந்தக் கார்டு இந்த லேப்டாப்புக்கென்றே செய்யப்பட்டது. வேறு லேப்டாப்பில் மாட்டி வேலை வாங்க முடியாது. புதிய லேப்டாப்புகளோடு பேசும் இணைப்பு ஒன்றைத் தயாரித்து வருவதாக அப்போது மெக்லாரன் சொன்னது.

இந்தக் காரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1992 முதல் 1998 வரை மொத்தமே 106 கார்கள்தான் செய்தார்கள். 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு எப்-1 இரண்டு கோடி டாலருக்கும் மேல் விலை போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரை ரசிகர்கள் கொண்டாடுவதே அதில் கம்ப்யூட்டர் குறுக்கீடு இல்லை என்பதற்காகத்தான். ஏபிஎஸ் பிரேக் கிடையாது. சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. பவர் ஸ்டீயரிங் கூட கிடையாது. ஓட்டுபவரும் இயந்திரமும் நேருக்கு நேர். அப்படிப்பட்ட காரின் உயிரும் கடைசியில் ஒரு பழைய லேப்டாப்பில் தொங்கிக் கொண்டிருந்தது.

நான் சாப்ட்வேர் எஞ்சினியர். வாகனங்களில் உள்ள சிறு கம்ப்யூட்டர்களுக்கு, அதாவது ஈசியு என்று சொல்லப்படும் கன்ட்ரோல் யூனிட்டுகளுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. சென்சாரிலிருந்து வரும் சிக்னலைச் சுத்தம் செய்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதுதான் பெரும்பாலான நாட்களில் நான் செய்வது. அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ரசிகர்கள் "கம்ப்யூட்டர் வந்து காரைக் கெடுத்து விட்டது" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அவர்கள் குற்றம் சாட்டுவது என் தொழிலை அல்லவா? அவர்கள் சொல்வதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பழமை மோகம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

911: ஒரு காரின் வெர்ஷன் வரலாறு

இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஜெர்மனியின் போர்ஷே 911. 1963-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், இன்று வரை அதே பெயரில், ஏறக்குறைய அதே உருவத்தில், எஞ்சினைப் பின்பக்கம் வைத்துக் கொண்டு வெளிவருகிறது. விண்டோஸ் மாதிரி வைத்துக் கொள்ளுங்கள். பெயர் ஒன்று, வெர்ஷன்கள் பல. ஒவ்வொரு வெர்ஷன் வரும்போதும் "முந்தையதுதான் நன்றாக இருந்தது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். விண்டோஸ் விஸ்டா வந்தபோது எக்ஸ்பியை விட மாட்டோம் என்று அடம் பிடித்தோமே, அதே கதை.

முதல் பெரிய சண்டை 1997-ல். அதுவரை 911-ன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்பட்டது. 996 என்ற குறியீட்டுடன் வந்த புதிய தலைமுறையில் தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின் வைத்தார்கள். புகை, சத்தம் ஆகியவற்றுக்கான சட்டங்கள் கடுமையாகி விட்டன. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் புகையையும் குறைக்கலாம், சக்தியையும் கூட்டலாம். ஆனால் அந்த சிலிண்டர் தலையைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். தொழில்நுட்ப ரீதியாக வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. அந்தக் காரின் ஹெட்லைட்டைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். காற்றால் குளிரும் கடைசித் தலைமுறையான 993-க்கும் அதையடுத்து வந்த 996-க்கும் பழைய கார் சந்தையில் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பது தெரியும்.

என்னைப் பொறுத்தவரை இது பாதி உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த சண்டைதான் எங்கள் துறைக்குள் வருகிறது.

2011-ல் வந்த 991 தலைமுறையில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வைத்தார்கள். ஹைட்ராலிக் முறையில் எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. எண்ணெயின் அழுத்தம் நம் கைக்கு உதவி செய்கிறது. பாதையில் சக்கரம் ஒரு சிறு கல்லில் ஏறினால் அந்த அதிர்வு எண்ணெய் வழியாகவும் இரும்புத் தண்டு வழியாகவும் கைக்கு வந்துவிடும். எலெக்ட்ரிக் முறையில் ஒரு மோட்டார் உதவி செய்கிறது. ஸ்டீயரிங் தண்டில் உள்ள சென்சார், நாம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்று அளக்கும். கார் என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்து ஈசியு கணக்குப் போட்டு, மோட்டாருக்கு இவ்வளவு கரன்ட் என்று உத்தரவு போடும். நொடிக்குப் பல நூறு முறை இது நடக்கிறது. பம்ப் எப்போதும் சுற்றிக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதால் பெட்ரோல் மிச்சம். தானாகவே பார்க்கிங் செய்வது, லேன் மாறாமல் பார்த்துக் கொள்வது போன்ற வசதிகளுக்கும் இந்த மோட்டார் தேவை.

சரி, ரசிகர்களின் குறை என்ன? "சாலை பேசுவது கேட்கவில்லை" என்கிறார்கள். கவிதை போலத் தோன்றினாலும் இதற்குத் துல்லியமான தொழில்நுட்ப அர்த்தம் இருக்கிறது. சக்கரத்திலிருந்து வரும் அதிர்வுகளில் எது தேவை, எது தேவையில்லை என்று சாப்ட்வேர் பிரிக்கிறது. எங்கள் ஆபீஸில் தேவையில்லாததை "நாய்ஸ்" என்போம். அதை வடிகட்டுவதே நல்ல புரோகிராமின் இலக்கணம். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும் ஓட்டுநருக்கு அந்த நாய்ஸ்தான் தகவல். டயரின் பிடி தளரப் போகிறது என்பதை அந்த மெல்லிய நடுக்கம்தான் அவருக்கு முன்கூட்டியே சொல்கிறது. எது குப்பை, எது செய்தி என்பதை முன்பு கை முடிவு செய்தது. இப்போது எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர் முடிவு செய்கிறார். இந்த வாதத்துக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. போர்ஷே அதன் பிறகு அந்த ஸ்டீயரிங்கைத் தொடர்ந்து மெருகேற்றி வந்திருக்கிறது. ஆரம்பத்தில் திட்டிய விமர்சகர்களில் பலர் பின்னாளில் பாராட்டவும் செய்தார்கள். அதாவது, மோட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. அதன் பின்னால் இருக்கும் புரோகிராமும், அதை எழுதியவருக்குக் காரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதும் முக்கியம்.

2013-ல் இன்னொரு கலகம். 911-ல் பந்தயப் பிரியர்களுக்கான மாடல் ஜிடி3. அதில் கையால் போடும் கியரை நீக்கிவிட்டு, பிடிகே எனப்படும் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் மட்டுமே என்று அறிவித்தார்கள். மனிதக் கையை விட அது வேகமாக கியர் மாற்றும். பந்தயத் தடத்தில் நேரம் குறையும். எண்களின்படி போர்ஷே சொன்னதே சரி. ஆனால் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக் கொண்டே எல்லோரும் கார் வாங்குவதில்லை. 2016-ல் 911 ஆர் என்ற பெயரில் கைக் கியருடன் 991 கார்களை மட்டும் போர்ஷே வெளியிட்டது. உடனே விற்றுத் தீர்ந்தது. மறுவிற்பனையில் புதுக்கார் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். அடுத்த ஆண்டே, 2017-ல், ஜிடி3-ல் கைக் கியர் திரும்பி வந்தது. யூசர் பீட்பேக் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

கடைசிச் சண்டை 2024-ல். 911 கரேரா ஜிடிஎஸ் மாடலில் ஹைப்ரிட் எஞ்சின் வந்தது. 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போவுக்குள்ளேயே ஒரு மின்மோட்டார், கியர்பாக்ஸில் இன்னொன்று, 1.9 கிலோவாட் அவர் பேட்டரி. முந்தைய ஜிடிஎஸ்ஸை விட எடை 50 கிலோ கூடியது. ஆனாலும் நூர்பர்க்ரிங் தடத்தில் 8.7 நொடி வேகமாக ஓடியது. ரசிகர்கள் இதைப் பெரும்பாலும் ஏற்றுக் கொண்டது எனக்கே ஆச்சரியம். அவர்கள் முணுமுணுத்தது வேறு இரண்டு சின்ன விஷயங்களுக்கு. 1963 முதல் டாஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்திருந்த, முள் வைத்த ஆர்பிஎம் மீட்டர் போய் முழுதும் டிஜிட்டல் திரை வந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் திருகி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் போய் பட்டன் வந்துவிட்டது. ஹைப்ரிட்டை விட்டுவிட்டு ஒரு திருகுக்காகச் சண்டையா என்று சிரிக்கத் தோன்றும். உங்கள் கீபோர்டில் என்டர் கீயை யாராவது இடம் மாற்றினால் தெரியும்.

சத்தமும் முள்ளும்

ஏமாற்றுவதை மட்டும் இந்த ரசிகர்கள் பொறுப்பதில்லை. 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில் டர்போ எஞ்சினின் சத்தம் போதவில்லை என்று, அதன் சத்தத்தை ஸ்டீரியோ ஸ்பீக்கர் வழியாகக் காருக்குள் ஒலிக்க விட்டார்கள். எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப சாப்ட்வேர் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இது தெரிந்ததும் எழுந்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அதே காலத்தில் ஜப்பானின் லெக்சஸ் எல்எப்ஏ காரில் முள் இல்லாத டிஜிட்டல் ஆர்பிஎம் மீட்டர் வந்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த எஞ்சின் 0.6 நொடியில் 9,000 சுற்றைத் தொடும். அந்த வேகத்துக்கு முள்ளால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் திரை வைத்தோம் என்றார்கள். அதன் சத்தத்தை யமஹா வடிவமைத்தது. அதுவும் ஸ்பீக்கரில் அல்ல, காற்றுப் பாதைகளையும் புகைக் குழாயையும் அமைத்த விதத்தில். ஆக, திரை என்றாலே எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. அந்தத் திரை எதற்கு வந்தது என்று கேட்கிறார்கள்.

காட்ஸில்லாவுக்குள் 16 பிட்

இங்கே பழமைவாதிகளை மடக்க ஒரு உதாரணம் சொல்கிறேன். 1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், குறியீடு ஆர்32. ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அதற்கு வைத்த பட்டப்பெயர் காட்ஸில்லா. ஜப்பானின் குரூப் ஏ பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை 29 போட்டிகளில் ஓடி 29-லும் வென்றது. இன்று "பழைய காலத்து அசல் கார்" என்று உருகுகிறவர்களின் பட்டியலில் முதல் சில இடங்களுக்குள் இது நிச்சயம் இருக்கும்.

ஆனால் அந்தக் காரின் ரகசியமே கம்ப்யூட்டர்தான். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். சக்கரங்களின் வேகத்தையும் கார் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பதையும் சென்சார்கள் அளக்க, 16 பிட் மைக்ரோபிராசஸர் ஒன்று நொடிக்கு 100 முறை கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் முன் சக்கரங்களுக்கும் பாதி வரை சக்தியை அனுப்பும். அட்டேசா என்று அதற்குப் பெயர். நம்மில் சிலர் சின்ன வயதில் விளையாடிய சேகா மெகா டிரைவ் கேம் மெஷினின் காலத்து 16 பிட்! அந்தத் தலைமுறையின் கம்ப்யூட்டர் கார் இது. முப்பது வருடத்தில் அதுவே அசல் ஆகிவிட்டது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே காரில் பின் சக்கரங்களையும் லேசாகத் திருப்பும் ஹைகாஸ் என்ற இன்னொரு அமைப்பு இருந்தது. ஆர்32 வைத்திருப்பவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு, பின் சக்கரம் திரும்பாதபடி ஒரு கம்பியைப் பூட்டி விடுகிறார்கள். இதற்கென்றே உதிரிபாகம் விற்கிறார்கள். கார் வளைவில் எப்படி நடந்து கொள்ளும் என்பதை ஹைகாஸ் குழப்புகிறது என்பது அவர்கள் குறை. அட்டேசாவையோ அவர்கள் தொடுவதே இல்லை. ஓட்டுநர் கேட்டதைக் கொடுப்பது ஒன்று, கேட்காததைச் செய்வது இன்னொன்று. இரண்டும் கம்ப்யூட்டர்தான், ஒன்றுக்கு மாலை, மற்றதற்குப் பூட்டு.

2007-ல் வந்த வாரிசான ஆர்35 ஜிடி-ஆரை "வீடியோ கேம் கார்" என்றே அழைத்தார்கள். அதில் தவறும் இல்லை. அதன் திரையில் தெரியும் விவரப் பக்கங்களை வடிவமைத்ததே கிரான் டூரிஸ்மோ கேமை உருவாக்கிய பாலிபோனி டிஜிட்டல் நிறுவனம். ஜப்பானில் விற்ற கார்களுக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற உச்சவரம்பு. அங்கீகரிக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குள் கார் இருக்கிறது என்று ஜிபிஎஸ் சொன்னால்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் ஆர்35 உற்பத்தி நின்றபோது, ஒரு காலத்தில் கேலி செய்தவர்களே வருத்தப்பட்டார்கள்.

எடை கூடாமல், ஓட்டுநரின் கையைத் தட்டிவிடாமல் சாப்ட்வேர் உதவ முடியுமா? முடியும். ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5, சுமார் ஒரு டன் எடையுள்ள எளிய திறந்த கார். 2021 இறுதியில் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். வேகமாக வளைவில் திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரத்தின் பிரேக்கை மிக லேசாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் தூக்காமல் கார் சாலையோடு ஒட்டிப் போகும். புதிய பாகம் எதுவும் இல்லை, எடையும் கூடவில்லை. இருந்த பிரேக்குக்கு எழுதிய புதுப் புரோகிராம். ரசிகர்களும் வரவேற்றார்கள். நான் இந்தத் துறையில் பொறாமைப்படும் வேலைகளில் இது ஒன்று.

அன்டூ இருக்கிறதா?

புதிய காரில் என்ன செய்தாலும் பிடிக்காதவர் வாங்காமல் போகலாம். ஏற்கெனவே உள்ள பழைய காரில் கை வைப்பது வேறு விஷயம்.

1961-ல் பிறந்த ஜாகுவார் இ-டைப் காரைப் பலர் உலகின் மிக அழகான கார் என்பார்கள். 2017-ல் ஜாகுவாரே அதன் எஞ்சினை எடுத்துவிட்டு 40 கிலோவாட் அவர் பேட்டரி வைத்து மின்சாரக் காராக மாற்றிக் காட்டியது. 2018-ல் இளவரசர் ஹாரியின் திருமணத்தன்று தம்பதியர் அதில் சென்றது டிவியில் உலகம் முழுவதும் தெரிந்தது. பாராட்டும் வந்தது, வசவும் வந்தது. ஜாகுவாரின் பதில் சாமர்த்தியமானது. பேட்டரியின் அளவும் எடையும் பழைய எஞ்சினை ஒத்ததாகவே வடிவமைத்திருக்கிறோம், வேண்டுமானால் மறுபடி பழைய எஞ்சினையே பொருத்திக் கொள்ளலாம் என்றது. 2018 இறுதியில் ஆஸ்டன் மார்ட்டினும் இதே கொள்கையில், கேசட் போலச் செருகி எடுக்கக்கூடிய மின்சார அமைப்பைத் தன் டிபி6 காரில் காட்டியது.

உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா இதற்குப் பச்சைக்கொடி காட்டவில்லை. குறைந்தது 30 வயது, வரலாற்றுப்படி சரியான நிலையில் பராமரிப்பு - இதுதான் அவர்கள் பழங்காருக்குச் சொல்லும் இலக்கணம். எஞ்சினை மாற்றி மின்சாரமாக்கினால் அது வரலாற்றுக் கார் அல்ல என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். அதே மூச்சில் ஒரு நல்ல யோசனையும் சொன்னார்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வரும்படி மாற்றுங்கள்; கழற்றிய பாகங்களில் அடையாளமும் தேதியும் குறித்துப் பத்திரமாக வையுங்கள். நம் பாஷையில் சொன்னால், பேக்கப் எடுத்துவிட்டு பார்மட் செய்யுங்கள்.

இதே காரணத்தால்தான், 2020-ல் போர்ஷே தன் பழைய கார்களுக்காக வெளியிட்ட நவீன ஸ்டீரியோவை யாரும் எதிர்க்கவில்லை. தொடுதிரையும் வழிகாட்டி மேப்பும் உள்ளது, போனையும் இணைக்கலாம். ஆனால் பழைய ரேடியோ இருந்த அதே பொந்தில், பழைய பட்டன்களின் சாயலில் உட்காரும். பிடிக்காவிட்டால் உருவி எடுத்துவிடலாம்.

நிஸான் இன்னும் ஒரு படி போனது. 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூனில், மின்சாரமாக மாற்றிய ஒரு ஆர்32 ஜிடி-ஆரைக் காட்டியது. முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார். பழைய எஞ்சின் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. கியர் மாற்றும் குலுக்கலும் செயற்கையாகத் தரப்படுகிறது. பழைய மீட்டர்கள் திரையில் ஓவியமாகத் தெரிகின்றன. எடை 1,430 கிலோவிலிருந்து சுமார் 1,800 கிலோவாகி விட்டது. பழைய கேமை எமுலேட்டரில் ஓட்டுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அசல் மெஷின் இல்லாத காலத்தில் எமுலேட்டர் ஒரு வரம் என்பேன். அதற்காக அசல் மெஷின்களை உடைத்து எமுலேட்டர் செய்ய ஆரம்பித்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முப்பது வருடம் கழித்து

சத்தம், முள், கியர் எல்லாம் ரசனை. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது மெக்லாரனின் அந்த லேப்டாப் கதைதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயது இருக்கும். என் வேலையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "தம்பி, கார்ப்பரேட்டர் வண்டி நடுரோட்டுல நின்னா ஒரு ஸ்குரூடிரைவர் போதும். இப்ப வர்ற வண்டிக்கு ஸ்கேனர் வேணும், அந்த ஸ்கேனருக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும்." "அதுதாண்ணே எங்க பொழைப்பே" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரும்பு பாகம் தீர்ந்து போனால் வழி இருக்கிறது. 1980-களின் போர்ஷே 959 மொத்தமே 292 கார்கள்தான். அதன் கிளட்ச் லீவர் கிடைக்காதபோது, போர்ஷே அதை 3டி பிரின்டரில் உலோகத்தூளால் அச்சடித்துக் கொடுப்பதாக 2018-ல் அறிவித்தது. எம்எக்ஸ்-5-ன் முதல் தலைமுறைக் கார்களுக்கு மாஸ்டாவே 2017-ல் ஜப்பானில் புதுப்பிக்கும் திட்டத்தை ஆரம்பித்து, கிடைக்காத பாகங்களை மறுபடி தயாரித்தது. 1990-களின் ஈசியு போர்டில் கெப்பாசிட்டர் கசிந்தால் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த யாரும் மாற்றலாம். அதிலுள்ள ஈப்ராம் சிப்பை எடுத்து, ரீடரில் செருகி, உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்து வைக்கலாம். ரசிகர்கள் அப்படித்தான் பல கார்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இன்றைய கார் அப்படியல்ல. ஈசியுக்கள் பல டஜன். ஒன்றை மாற்றினால் மற்றவை அதைத் தங்களில் ஒன்றாக ஏற்றுக் கொள்ள நிறுவனத்தின் சர்வரிலிருந்து அனுமதி வர வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் புரோகிராம் டிஜிட்டல் கையெழுத்தால் பூட்டப்பட்டிருக்கும். திருடர்களையும் ஹேக்கர்களையும் தடுக்க இது வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வாகனங்களுக்கும் சைபர் பாதுகாப்பு விதி கட்டாயமானது. அந்த விதிக்கு ஏற்பப் பழைய எலெக்ட்ரானிக் அமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகாது என்பதால்தான் போர்ஷே தன் பெட்ரோல் 718 பாக்ஸ்டர், கேமன் கார்களை அங்கே விற்பதை நிறுத்தியது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரை சந்தையிலிருந்து இறக்கியது புகையும் அல்ல, சத்தமும் அல்ல; பாஸ்வேர்டு சமாசாரம்! இருபது வருடத்துக்கு முன் சொன்னால் யாராவது நம்பியிருப்பார்களா?

2024-ல் வந்த 911 ஹைப்ரிட் 2055-ல் 30 வயதைத் தாண்டி, ஃபிவா கணக்கில் பழங்காராக நிற்கும். அதன் பேட்டரியை யாரோ ஒருவர் செய்து கொடுத்து விடுவார். திரையைக்கூட எப்படியாவது ஒப்பேற்றலாம். ஆனால் புதுப் பேட்டரியை "நம்மவன்தான்" என்று காருக்கு அறிமுகப்படுத்தும் சர்வர் அப்போது ஓடிக் கொண்டிருக்குமா? என் கருத்து இது: ஒரு மாடலுக்கான சப்போர்ட்டை நிறுத்தும் நாளில், அதைப் பழுது பார்க்கத் தேவையான கருவிகளையும் சாவிகளையும் நிறுவனம் உரிமையாளர்களிடமோ ஒரு பொது அமைப்பிடமோ ஒப்படைக்க வேண்டும். ஓப்பன் சோர்ஸ் ஆக்கச் சொல்லவில்லை. பூட்டைச் செய்தவர் கடையை மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னால் சட்டப் பிரிவில் இருப்பவர்கள் முகம் மாறும்.

வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்

இந்த வித்தியாசங்களைப் புரிந்து கொள்ள கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. ஓரளவு கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரும், கையில் அதிர்வைத் தரும் போர்ஸ் பீட்பேக் ஸ்டீயரிங்கும் இருந்தால் போதும். இத்தாலியின் கூனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட அசெட்டோ கோர்சா என்ற கேமில் எம்எக்ஸ்-5-ன் முதல் தலைமுறையும் பிந்தைய தலைமுறையும் இருக்கின்றன. சில கார்களைத் தனித் தொகுப்பாக வாங்க வேண்டும். ஆபர் நேரத்தில் பார்த்து வாங்குங்கள்.

அதில் டிரைவிங் உதவிகளுக்கான பக்கத்தில் ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் ஆகியவற்றுக்கு மூன்று நிலைகள் இருக்கும்: ஆப், ஆன், பேக்டரி. பேக்டரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அசல் காரில் இருந்தது மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். முதலில் புதிய காரை எடுத்து ஒரே வளைவில் பத்து முறை ஓட்டுங்கள். பிறகு பழையதை எடுத்து அதே வளைவுக்கு வாருங்கள். பிரேக்கை வழக்கம்போல ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு கார் நேராகப் புல்வெளிக்குப் போகும். நாலைந்து முறை போகட்டும். அதன் பிறகு, சக்கரம் பூட்டுவதற்குச் சற்று முன்னால் ஸ்டீயரிங் உங்கள் கையில் லேசாவதைக் கவனிக்க ஆரம்பிப்பீர்கள். ஸ்டீயரிங்கின் போர்ஸ் பீட்பேக் அளவை 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் மேஜை ஆடுகிறது என்று சத்தம் போடுவார்கள்.